கேற்றடியில் பத்து மணி வரை

காருக்குள் நானும் மிதுராவும் மட்டும் இருந்தோம். வெளியே பள்ளிக்கூடக் கேற்றடியில் நிரோஜா ஒரு கையில் மகளின் புத்தம்புதுப் பையும் மறு கையில் அகன்ற தொப்பியுமாக நின்றாள். கார்க் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அப்போதுதான் வெட்டிய புல்லின் மணம் உள்ளே வந்தது.

"இறங்குங்கோ பிள்ளை. ரீச்சர் பாத்துக்கொண்டு நிக்கிறா."

"நோ."

"ஏன் நோ?"

"மாமி இறங்கட்டும். பிறகு நான்."

நிரோஜா என்னைப் பார்த்தாள். நான் என் மடியைப் பார்த்தேன். மடியில் ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தப் பக்கத்தை இன்றுதான் திறப்பவர்களுக்காக ஒரு சொல். மிதுரா என் மருமகன் சுதனின் மகள். சுதன் என் தம்பியின் மகன். எனக்கென்று கலியாணம், பிள்ளை குட்டி ஒன்றும் இல்லை. சுதன் என்னை மாமி என்பதால் அவன் மனைவி நிரோஜாவும் மாமி என்றாள், மிதுராவும் மாமி என்றாள், இப்போது பார்சல் கொண்டுவருகிற வெள்ளைக்காரப் பெடியனும் "ஹலோ மாமி" என்கிறான். ஆக்லாந்தில் என் சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருக்கிறது.

மிதுரா தாய் தகப்பனோடு பெரும்பாலும் ஆங்கிலம். என்னோடும், எனக்கு விளங்க வேண்டியதற்கும் மட்டும் தமிழ். எனக்கு வேறு பாஷை தெரியாது என்பதால் அவள் எனக்குச் செய்கிற தயவு அது.

இங்கே பள்ளிக்கூடம் தொடங்க முன்பு பிள்ளைகளை ஓரிரு காலை வரச்சொல்லி வகுப்பைக் காட்டுவார்கள். முதல் தடவை மிதுரா காரை விட்டு இறங்கவில்லை. இது இரண்டாவது தடவை. ரீச்சர் கேற்றடியில் நின்று சிரித்துக் கையசைத்தார். மிதுராவும் கையசைத்தாள், ஆனால் காருக்குள் இருந்தபடி. வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

அன்று பின்னேரம் நிரோஜா அரிசி கழுவியபடி, என்னைப் பார்க்காமல், கோபமும் இல்லாமல், சொன்னாள்.

"மாமி, குறை நினைக்காதேங்கோ. இவள் உங்களைப் பாத்துத்தான் பழகினவள்."

## நான் காருக்குள் இருக்கிற ஆள்

அவள் சொன்னது சரி. நான் எங்கே போனாலும் காருக்குள் இருப்பேன். கலியாண மண்டபமா, "நீங்கள் போங்கோ, நான் காருக்குள்ள இருக்கிறன்." பிறந்தநாளா, காருக்குள். வெஸ்ட்கேட் கடைகளுக்குப் போனாலும் அப்படித்தான். கோயில் ஒன்றுக்குத்தான் இறங்குவேன், அங்கேயும் தூண் மறைவில் நிற்பேன்.

ஆட்களைக் கண்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேனாவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அதனால்தான் இவ்வளவு வாரமாக உங்களோடு கதைக்க முடிகிறது. நேரில் வந்து "நீங்கள்தானே எழுதுறது?" என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

எல்லா இடத்தையும் விடப் பள்ளிக்கூடம் என்றால் எனக்கு இன்னும் கூச்சம். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்ற கதையை முன்பு ஒரு வாரம் எழுதியிருக்கிறேன், திரும்ப எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட வாசலையும் நான் மிதித்ததில்லை. படித்தவர்கள் இருக்கிற இடம், அங்கே எனக்கு என்ன வேலை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை, பார்த்தே படித்துவிடும்.

அன்று இரவு படுக்கையில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு நான் முத்துச் சங்கிலி போட்டிருக்கிறேன், வடிவாகத் தலை பின்னக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். காருக்குள் ஒளிந்து இருக்கவும் காட்டிக் கொடுத்திருக்கிறேனே!

## எந்த சோன்?

ஊரில் இருந்தும் சிட்னியில் இருந்தும் வாசகிகள் கேட்பதால் இங்கத்தைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதற்காகவே நான் நிரோஜாவையும் பக்கத்து வீட்டுப் பத்மாவையும் துருவித் துருவிக் கேட்டேன்.

முன்பெல்லாம் நம் ஆட்கள் சந்தித்தால் முதல் கேள்வி, "எந்த ஊர்?" ஆக்லாந்துக் கோயிலில் அன்னதான வரிசையில் நின்று பாருங்கள். "எந்த சோன்?" என்றுதான் கேட்பார்கள்.

இங்கே அநேகமாக எல்லா அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்குப் பெயர் சோன். கோட்டுக்குள் வீடு இருந்தால் பிள்ளைக்கு இடம் நிச்சயம், மாட்டேன் என்று சொல்ல முடியாது. கோட்டுக்கு வெளியே என்றால், மிச்ச இடம் இருந்தால் குலுக்கல் போடுவார்கள். அதனால் இங்கே வீடு பார்க்கிற ஆட்கள் கிணறு பார்ப்பதில்லை, வாசல் திசை பார்ப்பதில்லை.

"மாமி, இந்த வீட்டைப் பாக்க வந்த ஆக்கள் குசினிக்குள்ளயே போகேல்ல," என்று சுதன் சொல்லிச் சிரிப்பான். "போனில வரைபடத்தைத் திறந்து சோன் கோட்டைத்தான் பாத்தவை."

அவனும் அதையேதான் பார்த்தான். மங்கரேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அவனுக்கு அங்கே சரக்கு ஏற்றி இறக்குகிற இடத்தில் வேலை, வீட்டில் இருந்து நடந்தே போவான். மிதுரா பிறந்த பிறகு வெஸ்ட்கேட் பக்கம் புது வீடு வாங்கி வந்தோம். இப்போது நகரத்தையே குறுக்கறுத்து வேலைக்கு ஓடுகிறான். புது வீடு, புதுத் தெரு, புதுப் பள்ளிக்கூடம். தெருவில் நட்ட மரங்கள்கூட இன்னும் தடிக்குக் கட்டப்பட்டு நிற்கின்றன.

கோடு எங்கள் பெரிய தெருவின் நடுவால் போகிறது. காலையில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வலது கைப்பக்கமும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இடது கைப்பக்கமும் நடக்கும். பின்னேரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பூங்காவில் ஊஞ்சலுக்கு அடிபடும்.

ஐந்து வயது முடிந்தால் போகலாம். ஆறு முடிந்தால் போயே ஆகவேண்டும். ஆறாம் ஆண்டு வரை பிறைமரி. பிறகு இரண்டே இரண்டு வருடத்துக்கு இன்டர்மீடியட் என்று ஒரு நடுப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு கொலிஜ். கொலிஜ் என்றவுடன் பட்டம் படிக்கிற இடம் என்று நினைக்க வேண்டாம். அதுவும் பள்ளிக்கூடம்தான். சில இடங்களில் பிறைமரியே எட்டாம் ஆண்டு வரை இழுக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகின்றன. வசதி இல்லாமல் இல்லை, சப்பாத்து பைக்குள்தான் இருக்கிறது. காலை மூடாவிட்டாலும் பரவாயில்லை, தலையை மூட வேண்டும். வெயில் காலத்தில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை, நிழலில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டால் ரீச்சருக்குக் கேள்வியே விளங்காது. முதலாம் பிள்ளையும் இல்லை, கடைசிப் பிள்ளையும் இல்லை. நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய மனக்கஷ்டம். கோயிலில் ஒரு அம்மா என் காதுக்குள் சொன்னார்: "பிள்ளை கெட்டிக்காரன் எண்டு எப்பிடித் தெரியும் அக்கா? வேற பிள்ளையைவிட எண்டு சொன்னாத்தானே தெரியும்!"

## ராகுவும் கடிகாரமும்

இனி விஷயத்துக்கு வருகிறேன். மிதுரா பள்ளிக்கூடம் தொடங்குகிற நாள் ஒரு திங்கட்கிழமை என்று செய்தி வந்தது. பள்ளிக்கூட விடுமுறை முடிந்த வெயில் காலம்.

திங்கள் என்றதும் நான் போய்க் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிற காலண்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வருடா வருடம் வருகிற நகைக்கடைக் காலண்டர். ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. பள்ளிக்கூடம் ஒன்பதுக்கு. அப்பாடா, ஒன்பது அடித்தவுடன் காலை வைத்தால் சரி என்று எனக்குச் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துப் பத்மா கோப்பையோடு வந்தாள். மதுரைப் பிள்ளை. கணவன் நகர மையத்தில் கம்ப்யூட்டர் வேலை. அவள் மகன் கதிரும் மிதுராவோடு அதே நாளில்தான் தொடங்குகிறான். சுதனும் நிரோஜாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, அது ஊரு நேரம்," என்றாள் பத்மா காலண்டரைப் பார்த்து. "இங்க கோடைக்குக் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருக்காங்கல்ல?"

"ஓம்."

"கடிகாரத்ததான் தள்ளுனாங்க. சூரியன தள்ளல. ராகு சூரியனோடதான போவாரு? அப்ப எட்டரைலருந்து பத்து!"

ஒன்பது என்றால் ராகு காலத்தின் நட்ட நடு!

சுதன் சோற்றுக் கையோடு சிரித்தான். "ராகு இஞ்சத்தைக் கடிகாரம் பாக்கிறேல்லையோ? இமிகிரேசன் எடுத்து வந்தவர்தானே, இஞ்சத்தைச் சட்டத்தை மதிக்க வேணும்."

"சும்மா இருங்கோ," என்றாள் நிரோஜா. "மாமி, முதல் அவள் காரால இறங்கட்டும். எந்தக் காலமெண்டாலும் எனக்கு அது போதும்."

"பத்து மணி வரைக்கும் பிள்ளையைக் கேற்றில நிப்பாட்டி வச்சா ரீச்சர் என்ன கேட்பா?" என்றான் சுதன். "நான் என்ன சொல்லுறது? பாம்பு போகட்டும் எண்டு நிக்கிறம் எண்டோ?"

நான் வாய் திறக்கவில்லை. திறக்கிற ஆளும் இல்லை. ஆனால் விஜயதசமி அன்று கோயிலில் ஏடு தொடக்கி, அரிசியில் அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்து எழுதுவித்த பிள்ளை. அரிசிக்கு நாள் பார்த்துவிட்டு வாசலுக்கு நேரம் பார்க்காமல் விடுவதா?

பத்மா போகும்போது என் பக்கம் குனிந்தாள்.

"கவலப்படாதீங்க மாமி. நான் பாத்துக்கறேன். கேட்டுகிட்ட போனதும் கதிர் தண்ணி பாட்டில மறந்துட்டேன்னு சத்தம் போடுவேன். நீங்க என்னோட திரும்பி வந்துடுங்க. மிதுரா உங்க பின்னாடி வந்துடுவா. தேடித் தேடி பத்து ஆக்கிடலாம்."

"போத்தல் எங்க இருக்கும்?"

"என் ஹேண்ட்பேக்லதான்!"

இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்தோம். அவளுக்கு என் வயதில் பாதியும் இல்லை. ஆனால் களவுத் திட்டம் போடுவதற்கு வயது ஒரு தடையே இல்லை.

## கேற்றடி

அந்தத் திங்கட்கிழமை காலையில் மழைத் தூறல். வெயில் காலம் என்று சொன்னேன், ஆக்லாந்து அதையெல்லாம் கேட்காது. நான் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, காலுக்கு நிரோஜாவின் பழைய ஓட்டப்பயிற்சிச் சப்பாத்தும் போட்டிருந்தேன். பள்ளிக்கூடம் கிட்டத்தான், அதனால் சுதன் நடந்தே போவோம் என்று சொல்லிவிட்டான். என்னை ஒளித்துவைக்கக் கார் இல்லை.

"நான் கேற்று மட்டும்தான் வருவன்," என்று மிதுராவிடம் சொன்னேன்.

"அப்ப நானும் கேற்று மட்டும்தான்."

நிரோஜா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கேற்றடிக்குப் போனால் ஒரே சனம். புதுக் குடும்பங்கள் எல்லாம் குடையோடு வெளியே நிற்கின்றன. கேற்று அகலத் திறந்திருக்கிறது, ஒருவரும் உள்ளே போகவில்லை. பத்மா வாயைத் திறந்து, "அய்யய்யோ, தண்ணி..." என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்தினாள்.

"என்னங்க, ஏன் எல்லாரும் வெளிய நிக்கிறாங்க?"

நிரோஜாதான் விளக்கினாள். இது மவோரி முறை வரவேற்பாம். போஃபிரி என்று சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே இருந்து ஒரு பெண் குரல் கொடுத்து அழைப்பார். அழைக்கும் வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பெரியவர் ஒருவர் வந்துதான் தொடங்க வேண்டும். அவருடைய கார் வடமேற்கு மோட்டர்வேயில் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம்.

அதிபர் அம்மா வந்து மன்னிப்புக் கேட்டார். ஒரு தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஒரு தாய் வேலைக்குப் போன் எடுத்துப் பிந்தும் என்று சொன்னார். பிள்ளைகள் குட்டைத் தண்ணீரில் குதித்தன. அவ்வளவு சனத்துக்கும் எரிச்சல். எனக்கும் பத்மாவுக்கும் மட்டும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி.

"மாமி," என்றாள் பத்மா என் காதுக்குள், "இவங்களுக்கும் ராகு காலம் உண்டு போலருக்கே!"

நான் அடிக்கடி சுதனின் கையைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. கேட்காமலே கையை நீட்டி மணிக்கூட்டைக் காட்டினான். கடைசியில் ஒருமுறை காட்டும்போது சிரித்தான். பத்து தாண்டிவிட்டது! அந்தப் பெரியவரும் நனைந்த கோட்டோடு ஓடி வந்து சேர்ந்தார். அவர் யாரோ எவரோ, அவர் காரை மறித்த அத்தனை வாகனங்களுக்கும் நான் மனதுக்குள் தேங்காய் உடைத்தேன்.

பிறகுதான் எனக்குக் கண்டம் வந்தது.

ஹினே என்று ஒரு ரீச்சர், தோளில் இறகு வைத்த போர்வை போட்டவர், கேற்றுக்கு வெளியே வந்து எல்லோரையும் ஒழுங்குபடுத்தினார். பெண்களும் பிள்ளைகளும் முன்னுக்கு, ஆண்கள் பின்னுக்கு. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"என்னவாம்?" என்றேன்.

"ஆக மூத்த பொம்பிளை முன்னுக்கு வர வேணுமாம் மாமி," என்றாள் நிரோஜா மெதுவாக.

"என்னை விட மூத்தவை இல்லையோ?"

"எங்க மாமி? நல்லாப் பாருங்கோ."

பார்த்தேன். என்னைவிட மூத்தது அங்கே ஒரு மரம்கூட இல்லை. பத்மாவின் குடைக்குப் பின்னால் போனேன். அவள் குடையை மடக்கிவிட்டாள், துரோகி!

"போங்க மாமி. நீங்க போனாதான் நாங்க எல்லாரும் உள்ள போக முடியும்."

ஹினே ரீச்சர் என் முழங்கையைத் தொட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பக்கம் எங்கள் சார்பில் பதில் குரல் கொடுக்க ஒரு மவோரித் தாய். மறு பக்கம் என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மிதுரா. முன்னால் திறந்த கேற்று. பின்னால் அத்தனை சனம்.

உள்ளே இருந்து குரல் வந்தது.

அதை எப்படி எழுதுவேன்! பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. கடற்கரையில் நின்று, தூரத்தில் போகிற படகைப் பார்த்து, திரும்பி வா என்று ஒருத்தி நீட்டிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி. பக்கத்தில் நின்ற தாய் அதே மாதிரி நீட்டிப் பதில் கொடுத்தார். எல்லோரும் நான் நடப்பதற்காக நின்றார்கள். என் கால் நகரவில்லை.

மிதுரா தலைப்பை இழுத்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"மாமி. கூப்பிடினம்."

நான் முதன்முதல் பள்ளிக்கூடம் போன நாள் எனக்கு நினைவு வந்தது. வாசலில் நின்று குளறி அழுத என்னை முதுகில் கை வைத்து ஒருவர் உள்ளே தள்ளினார். எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் தள்ளினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. இவ்வளவு வயதுக்குப் பிறகு, பாஷை தெரியாத ஊரில், ஒருத்தி தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள்.

சப்பாத்துக் காலைத் தூக்கி வைத்தேன். வலது கால்தான், அதை மறக்கவில்லை. மிதுராவும் வலது காலை வைத்தாள்.

## பாட்டு எங்கே?

உள்ளே மண்டபத்தில் உட்கார இரண்டு பக்கம் கதிரைகள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து ஆட்கள், இந்தப் பக்கம் நாங்கள். பெரியவர் எழுந்து மவோரியில் பேசினார். பேசி முடிந்ததும் அவருக்குப் பின்னால் முழுப் பள்ளிக்கூடமும் எழுந்து பாடியது. கூரை அதிர்ந்தது. மிதுரா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்துக்காக ஒரு சமோவாத் தகப்பன் எழுந்தார். மலை மாதிரி ஆள். வடிவாகப் பேசினார். பேசி முடித்து, பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

ஒருவர் பேசினால் அவருடைய ஆட்கள் எழுந்து ஒரு பாட்டுப் பாட வேண்டுமாம். பாடாவிட்டால் பேச்சு அந்தரத்தில் நிற்குமாம்.

"ஈமெயில்ல பாட்டு அனுப்பினவை," என்று நிரோஜா பல்லைக் கடித்தபடி சொன்னாள். "நீங்கள் படிக்கேல்லையோ?"

"நீர் படிச்சிருப்பீர் எண்டு நினைச்சன்," என்றான் சுதன்.

எல்லாக் குடும்பத்திலும் இதே கதை நடந்திருக்க வேண்டும். கொரியாக்காரத் தாய் தகப்பனைப் பார்த்தார். பஞ்சாபித் தகப்பன் தாயைப் பார்த்தார். பத்மா கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலத் தலையை விட்டுக்கொண்டாள். தண்ணிப் போத்தல்தான் இருந்திருக்கும். சமோவாக்காரர் பாவம், நெற்றி வேர்க்கத் தனியே நின்றார்.

அப்போது ஒரு சின்னக் குரல் கேட்டது.

"தண்ணி தண்ணி எங்க போறாய்?"

மிதுரா! கதிரையில் இருந்து இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பாடினாள். அவளைக் குளிக்க வார்க்கும்போது நான் கட்டிச் சொன்ன பாட்டு அது. எங்கள் குளியலறைக்கு வெளியே ஒரு காதும் கேட்டிராத பாட்டு. அவள் கேள்வி பாடுவாள், நான் தண்ணீர் வார்த்தபடி பதில் பாடுவேன். அப்படித்தான் எங்கள் பழக்கம்.

கேள்வியைப் பாடிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். அந்த மண்டபமே அவளோடு சேர்ந்து காத்துக்கொண்டு நின்றது.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நிரோஜா என்னைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மெல்ல மெல்ல வாடத் தொடங்கியது. கண் வாசலைத் தேடியது. இன்னும் கொஞ்சம் போனால் அவள் காருக்குள் போய்விடுவாள், கார் இல்லாவிட்டாலும்.

எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"தலையைத் தடவிக் காலுக்குப் போறன்."

குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். மிதுராவின் முகம் விளக்குப் போட்டதுபோல வெளிச்சமானது.

"காலடி தாண்டி எங்க போறாய்?"

"கடலுக்கு ஓடி மீனிட்டைப் போறன்."

பத்மா எழுந்து கைதட்டித் தாளம் போட்டாள். சமோவாக்காரர் எங்கள் சொல் ஒன்றும் விளங்காமலே, அடிக்குரலில் ம்ம் என்று ஒரு சுருதி பிடித்தார். அட, அந்த மனிதருடைய குரல் அரியணை மாதிரி, அதில் ஏறி இருந்து யாரும் பாடலாம். எங்கள் பக்கம் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"மீனைக் கண்டா என்ன சொல்லுவாய்?"

"இந்தப் பிள்ளை குளிச்சிட்டுது! இந்தப் பிள்ளை குளிச்சிட்டுது!"

இந்த இடத்தில் மிதுரா வீட்டில் செய்வதுபோலவே தலையை உலுப்பித் தண்ணீரை உதறிக் காட்டினாள். எதிர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. பெரியவரும் சிரித்தார். நான் பொத்தென்று கதிரையில் இருந்தேன். நிரோஜா என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை அவள் கனநேரம் விடவில்லை.

பிறகு எல்லோரும் வரிசையாகப் போய் அந்தப் பக்கத்து ஆட்களோடு மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே பயம், என் மூக்குத்தி யாருக்காவது குத்திவிடுமோ என்று. பெரியவர் அதைக் கண்டுகொண்டார். தன் மூக்கைப் பொத்திப் பயந்தவர்போல நடித்துவிட்டு, பிறகு மெல்லமாக நெற்றியும் மூக்கும் தொட வைத்தார். மழையில் நனைந்த கம்பளி மணம். பிற ஆண் ஒருவரோடு அவ்வளவு கிட்ட நான் நின்றதே இல்லை. பரவாயில்லை, நல்ல மனிதர்.

தேநீர் மேசையில் ஹினே ரீச்சர் வந்து பாட்டின் அர்த்தம் கேட்டார். சுதன் நெளிந்தான்.

"மாமி, என்ன சொல்லுறது? சுவாமிப் பாட்டு எண்டு சொல்லட்டோ?"

"உள்ளதைச் சொல்லு."

சொன்னான். அந்த ரீச்சர் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. பிறகு கேட்டார், மிதுராவின் வகுப்புக்கு அதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று. அந்த வாரமே பள்ளிக்கூடத்து நீச்சல் தடாகத்தில் வகுப்புத் தொடங்குகிறதாம்.

நான் பதில் சொல்ல மிதுராவைத் தேடினேன். அவள் இல்லை. அவளும் கதிரும் வெறுங்காலோடு புல்லில் ஓடிக்கொண்டிருந்தார்கள். சப்பாத்து இரண்டும் என் காலடியில் கிடந்தன. திரும்பியும் பார்க்கவில்லை, கள்ளி.

## அந்தப் பக்கம்

அந்த வெயில் காலத்தில் ஒவ்வொரு முறையும் நீச்சல் தடாகத்தில் இறங்க முன்பு மிதுராவின் வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் "குளிச்சிட்டுது" என்று கத்தின. சீனப் பிள்ளை, கொரியாப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை, எல்லாம். குளிக்க முன்பே குளித்துவிட்டது என்று பாடுவது பிழை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அடுத்த பள்ளிக்கூடத் தவணையில் புதுக் குடும்பங்களுக்கு மறுபடி வரவேற்பு நடந்தது. ஒரு முறை அழைத்து உள்ளே எடுத்த ஆட்கள் பிறகு வீட்டு ஆட்களாம். அதனால் அன்று நான் உள்ளே, அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஹினே ரீச்சர் சொல்லியனுப்பினார். போனேன். கடிகாரத்தைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள், அதனால் நேரமும் பிரச்சினை இல்லை என்று பத்மா வரும் வழியிலேயே கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

மிதுரா எனக்கு முன்னால் தன் வகுப்போடு நின்றாள். கேற்று திறந்திருந்தது. வெளியே குடும்பங்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு வயதான பெண். எந்த நாடோ தெரியாது. பஞ்சு வைத்துத் தைத்த சாம்பல் நிறச் சட்டை, கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி. பக்கத்தில் ஒரு சின்னப் பெடியன்.

எங்கள் பக்கத்தில் இருந்து குரல் எழுந்தது. நீண்டு போய்க் கேற்றைத் தொட்டது. அந்தப் பெண் நகரவில்லை. தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்கு நல்ல பழக்கம்.

மிதுரா திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் வரிசையை விட்டு ஒரு எட்டு முன்னுக்கு வந்தேன். அந்தப் பெண் நிமிரும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தார். நான் தலையை ஆட்டினேன், வாருங்கோ என்று.

கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் காலை எடுத்து உள்ளே வைத்தார்.